திருப்பூர் பக்கம் ஒரு பேக்கிங் ஹால்ல கரையான்: நிகழ்வு ஆய்வு

திருப்பூர்ல இருந்து பல்லடம் போற பக்கம் இருக்குற ஒரு பனியன் கம்பெனியில நடந்தது இது. கம்பெனி பேரு, முதலாளி பேரு எதுவும் எழுதலை, அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். நான் கரையான் மருந்து அடிக்கிற தொழில் பண்றவன். முதல் தடவை தப்பு நடந்தது என் பக்கம், அதையும் சேர்த்தே எழுதிருக்கேன், அதை விட்டுட்டு எழுதறதா இருந்தா இதை எழுதவே வேண்டியதில்லை.

பின்னணி

கம்பெனி நிக்கிற இடம் ஒரு காலத்துல தோட்டம். செம்மண்ணு, ரண்டு மூணு அடி தோண்டினா சுக்காங்கல்லு வந்துரும். 2009ல வடக்காலே முதல் கட்டிடம் கட்டினாங்க, கட்டிங், தையல் எல்லாம் அதுல. அதுக்கு அஸ்திவாரம் போடறப்பவே மண்ணுக்கு மருந்து அடிச்சிருக்காங்க, பில்லு கூட ஃபைல்ல இருந்துச்சு. 2017ல ஆர்டர் எச்சாகி இடம் பத்தாம போகவும் பழைய கட்டிடத்துக்கு தெக்காலே ஒட்டினாப்புல 80 அடிக்கு 40 அடி ஒரு ஹால் போட்டாங்க, மேல ஷீட்டு, கீழ டைல்ஸ், அயர்னிங்கும் பேக்கிங்கும் அதுக்குள்ள. பழைய செவுத்துக்கும் புது செவுத்துக்கும் நடுவுல ஒரு இஞ்ச் இடைவெளி, எக்ஸ்பேன்ஷன் ஜாயின்ட்னு சொல்றது, உள்பக்கம் அலுமினியப் பட்டி அடிச்சு மூடிருந்துச்சு, 40 அடி நீளம். இந்த நாப்பது அடிதான் பின்னாடி முக்கியமா ஆச்சு.

புது ஹாலுக்கு அடியில மருந்து அடிக்கலை. ஏனுங்கண்ணான்னு கேட்டதுக்கு முதலாளி சொன்னாரு, ஷிப்மெண்ட் நெருக்குச்சு, மேஸ்திரி டைல்ஸ் போட்டா கரையான் எங்கீங்க வரப்போகுதுன்னு சொல்லிட்டாரு, சரின்னு விட்டாச்சு. இதை நான் நெறைய எடத்துல கேட்டிருக்கேன். கரையான் டைல்ஸை தொளைச்சுட்டு வராது, அது வாஸ்தவம். ஆனா டைல்ஸும் செவுரும் சேர்ற எடத்துல ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருந்தா அதுக்கு அதுவே ரோடு. புதுசா கட்டறப்ப செய்ய வேண்டியதுக்கு ஐ.எஸ் 6313ங்கற இந்தியத் தர விதியோட இரண்டாம் பாகம், கட்டி முடிச்ச கட்டிடத்துக்கு மூணாம் பாகம்னு முறையே எழுதி வெச்சிருக்காங்க. இந்த ஹாலுக்கு இரண்டாம் பாகத்தை விட்டுட்டதால எல்லாரும் சேர்ந்து மூணாம் பாகத்துக்கு வந்து நின்னோம்.

சுத்துப்புறத்தையும் சொல்லிடறேன். ஹாலுக்கு மேக்காலே ஒரு பழைய கெணறு, இப்பவும் தண்ணி இருக்கு, பாத்ரூமுக்கும் செடிக்கும் எடுக்கறாங்க. தென்கிழக்கு மூலையில ஒரு வேப்பமரம், அதுக்கு அடியில ஆள் இடுப்பு உசரத்துக்கு ஒரு புத்து, மஞ்சள் குங்குமம் வெச்சு வெள்ளிக்கிழமை பால் ஊத்தறாங்க.

முதல்ல தெரிஞ்சதும் தெரியாம விட்டதும்

ஐப்பசியில ஒரு நாள் மழை விட்ட சாயங்காலம் ஹாலுக்குள்ள ஈசல், அதாவது ரெக்கை மொளைச்ச கரையான். டியூப் லைட்டுக்கு அடியில ரெக்கையா உதிர்ந்து கெடந்துச்சு, காலையில கூட்டித் தள்ளிட்டாங்க. மழைக்கு ஈசல் வர்றது நம்மூர்ல அதிசயமா என்ன. ஆனா அன்னைக்கு எல்லா ஷட்டரும் சாத்தி இருந்துச்சுன்னு பேக்கிங் அக்கா ஒருத்தர் பின்னாடி நான் விசாரிச்சப்ப சொன்னாங்க, ஜாயின்ட் பட்டி ஓரத்துல இருந்து பொலபொலன்னு வந்துச்சுங்கண்ணா, நாங்க வேடிக்கை பார்த்துட்டு இருந்தோம்னாங்க. வெளிய இருந்து லைட்டுக்கு வர்ற ஈசல் வேற, செவுத்து இடுக்குல இருந்து கெளம்பற ஈசல் வேற. ரண்டாவது வகைன்னா கூடு கட்டிடத்துக்கு உள்ளயோ அடியிலயோ இருக்கு, அதுவும் ஈசல் விடற அளவுக்கு வளர்ந்து பல வருசமான கூடுன்னு அர்த்தம். அந்த ஒரு சாயங்காலத்தை யாராவது கவனிச்சிருந்தா மூணு மாசம் மிச்சம் ஆயிருக்கும்.

அடுத்து தை மாசம். வடகிழக்கு மூலையில செவுத்தை ஒட்டி அடுக்கி வெச்ச அட்டைப்பெட்டியில ஒண்ணைத் தூக்கினப்ப பெட்டி மட்டும் மேல வந்துச்சு, அடியும் உள்ள இருந்த பீஸும் தரையிலயே நின்னுக்கிச்சு. தள்ளிப் பார்த்தா பின்னாடி செவுரு பூரா மண் கோடு. கீழ் வரிசையில 23 பெட்டி போச்சு. உள்ள இருந்தது கொழந்தைங்க போடற காட்டன் உருப்படி, பாலி பேக்குக்குள்ள போட்டு சீல் வெச்சது, அதையும் கடிச்சுட்டு உள்ள போயிருக்கு. பிளாஸ்டிக்கை அது திங்கறதில்லை, வழியில இருந்ததால கடிச்சிருக்கு. பஞ்சுங்கறது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ், அட்டையும் அதேதான், கரையானுக்கு இதை விட நல்ல சாப்பாடு கெடையாது. பனியன் கம்பெனி குடோன்ல வருசக்கணக்கா கரையான் வராம இருக்குதுன்னா அதுதான் ஆச்சரியம்.

என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே வாட்ச்மேனும் எலக்ட்ரீசியனும் சேர்ந்து மண்ணெண்ணெய் ஊத்தியிருக்காங்க. பஞ்சும் அட்டையும் அடுக்கின எடத்துல மண்ணெண்ணெய்! கரையான் சாகலை, ஏழெட்டு நல்ல பெட்டிக்கு வாசம் புடிச்சு அதுவும் தள்ளுபடி ஆச்சு.

நான் பண்ணின முதல் தப்பு

மேனேஜர் போட்டோ அனுப்பினாரு. ஷிப்மெண்ட் சீசன், எனக்கும் அன்னைக்கு நாலு எடத்துல வேலை. போட்டோவைப் பார்த்தே விலை சொல்லி ரண்டு பசங்களை அனுப்பிட்டேன். பைஃபென்த்ரின் 2.5 ஈசிங்கற கரையான் மருந்தை லிட்டருக்கு 20 எம்எல் கலந்து அந்த மூலையிலயும் கெழக்கு செவுரு அடியிலயும் நல்லா நனைய அடிச்சுட்டு, மண் கோட்டை எல்லாம் தட்டிவிட்டு வந்துட்டாங்க. அன்னைக்கே கரையான் செத்து விழுந்துச்சு, முதலாளிக்கு சந்தோசம், 8,000 ரூபா கையில குடுத்தாரு.

பைஃபென்த்ரின் நல்ல மருந்துதான், குறை சொல்லலை. ஆனா அது கரையானை வெரட்டற வகை. மருந்து இருக்குற எடம் தெரிஞ்சு அது ஒதுங்கிப் போயிரும். வீட்டைச் சுத்தி முழு வளையமா இடைவெளி இல்லாம போட்டா வெளிய நின்னுக்கும். நான் போட்டது வளையமில்லை, ஒரு மூலை. அதுவும் செவுத்து மேல, மண்ணுக்குள்ள இல்லை. வேலைக்கு வெளிய வந்த ஆளுங்களை அடிச்சுட்டு வீட்டை விட்டுட்டு வந்த கதைதான்.

பங்குனி பாதியில மறுபடி போன் வந்துச்சு. இந்தத் தடவை வடமேற்கு மூலை, அக்கவுண்ட்ஸ் ரூம். பிளைவுட் பார்ட்டிஷன் தட்டினா டொப்புனு சத்தம், ஆடிட்டர் ஃபைல் ரண்டு அடுக்கு செல்லரிச்சு மண்ணா இருந்துச்சு. முதலாளி சத்தம் போடலை, அமைதியா கேட்டாரு, "ஏனுங் தம்பி, அங்க அடிச்சா இங்க வருது, இங்க அடிச்சா எங்க வரும்?" அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்லை. முதல்ல வாங்கின 8,000 ரூபாயை ரண்டாவது பில்லுல கழிச்சுக்கலாம்னு நானே சொல்லிட்டேன்.

ரண்டாவது தடவை நேர்ல பார்த்தது

ஒரு நாள் முழுக்க மருந்தில்லாம போனேன். டார்ச்சு, ஸ்க்ரூ டிரைவர், ஈரம் பார்க்கிற மீட்டர், ஒரு வெள்ளைத் தாளு. ஹாலோட வரைபடம் கேட்டேன், இல்லை, நானே பேப்பர்ல கோடு போட்டு எங்க எங்க மண் கோடு இருந்துச்சுன்னு குறிச்சேன். குறிச்சு முடிச்சதும் தெரிஞ்சது, வடகிழக்கு மூலையும் வடமேற்கு மூலையும் ஒரே ஜாயின்ட்டோட ரண்டு முனை. நாப்பது அடி தள்ளி புதுசா வந்த கரையான் இல்லை, அதே கரையான் அதே சந்துக்குள்ள நடந்து மறுமுனையில தலையை நீட்டிருக்கு. தெக்கு பாதி ஹால்ல ஒரு கோடு கூட இல்லை.

அலுமினியப் பட்டியை மூணு எடத்துல கழட்டினோம். உள்ள தெர்மாகோல் அடைச்சிருந்தாங்க, அது சல்லடையா இருந்துச்சு, அதுக்குள்ள சுரங்கம் சுரங்கமா மண்ணு. தெர்மாகோலும் அதுக்கு சாப்பாடு இல்லை, ஆனா தோண்ட சுகமா இருக்கும், குளுகுளுன்னும் இருக்கும்.

ஈரத்துக்கு வர்றேன். கரையானுக்குத் தோலு மெல்லிசு, ஈரம் இல்லாம வெளிய நடமாடவே முடியாது, அதனாலதான் மண் கோடு கட்டி அதுக்குள்ளயே போகுது. பங்குனி வெயில்ல திருப்பூர்ல தரை எப்படி இருக்கும்னு சொல்லணுமா, அப்படி இருக்கையில இது இவ்வளவு சுறுசுறுப்பா இருக்குதுன்னா எங்கயோ அதுக்குத் தண்ணி கெடைக்குது. பாத்ரூம் கட்டிடமே தனி, ஏசி கெடையாது. பேக்கிங் அக்காதான் சொன்னாங்க, அயர்ன் டேபிளுக்குப் பின்னாடி மட்டும் தரை எப்பவும் சில்லுனு இருக்கும், வெயில் காலத்துல அங்கதான் ஒக்காந்து சாப்பிடுவோம்னு. மீட்டர் வெச்சா அந்தப் பத்தடிக்கு மட்டும் முள்ளு ஏறுது.

அயர்னிங்குக்கு ஒரு சின்ன பாய்லர் இருக்கு. நீராவி போயிட்டு குளுந்து தண்ணியாத் திரும்பறது ஒரு பைப்புல தரைக்கு அடியில ஜாயின்ட் ஓரமாவே போயி வெளிய விடற மாதிரி 2017ல வெச்சிருக்காங்க. வெளிய வர வேண்டிய முனையில தண்ணி சொட்டு சொட்டாத்தான் வருது. மிச்சம் எங்க போச்சு? வருசம் பூராவும் தரைக்கு அடியில அவங்களுக்கே தெரியாம கரையானுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்திருக்காங்க.

புத்து விசயம்

இதுக்கு நடுவுல கம்பெனியில எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாங்க. காரணம் அந்தப் புத்துதான், ஜேசிபி விட்டு எடுத்துட்டா செரியாப் போயிரும். மேனேஜர் ஜேசிபிக்காரர்கிட்ட பேசியே வெச்சுட்டாரு. முதலாளியோட அம்மா அன்னைக்குப் பார்த்து கம்பெனிக்கு வந்திருந்தாங்க. எங்கிட்ட வந்து, "ஏஞ் சாமி, அதுல கை வெச்சுப்போடாதீங்க, நாகராஜா குடியிருக்கற எடம், இந்தத் தொழில் வந்ததே அதுக்கப்புறந்தான்"னாங்க. முதலாளி ரண்டு பக்கமும் பார்த்துட்டு எம் மூஞ்சியைப் பார்த்தாரு.

நான் சாமிக்கும் பேசலை, மேனேஜருக்கும் பேசலை, ரண்டு விசயம் பார்த்தேன். அக்கவுண்ட்ஸ் ரூம் பார்ட்டிஷனை ஒடைச்சு உள்ள இருந்த காவலாளிக் கரையானை, அதாவது பெரிய தலையும் கொடுக்கும் இருக்குமே அந்த ஜாதி, வெள்ளைத் தாள்ல தட்டிவிட்டு குச்சியால சீண்டினேன். தலை முன்னாடி இருந்து பால் மாதிரி வெள்ளையா கசிஞ்சுது. இது காப்டோடெர்மஸ்ங்கற இனம், நம்ம பக்கம் இது வெளிய புத்து கட்டறதில்லை, மண்ணுக்குள்ளயோ மரத்துக்குள்ளயோ அட்டைக்கூழு மாதிரி கூடு கட்டும். ஈரம் மட்டும் கெடைச்சா தரையோட தொடர்பு இல்லாம கட்டிடத்துக்குள்ளயே கூட குடியிருக்கும். புத்தோரம் கெடந்த காஞ்ச வேப்பங்குச்சியைப் பொரட்டி அதுல இருந்த காவலாளியைச் சீண்டினா அந்தப் பால் இல்லை.

ரண்டாவது விசயம் வாட்ச்மேன் சொன்னது. மழைக்கு அந்தப் புத்துல காளான் மொளைக்குமுங்க, பறிச்சுக் கொழம்பு வெச்சிருக்கோம்னாரு. புத்துக் காளான் மொளைக்குதுன்னா அது உள்ள பூஞ்சைத் தோட்டம் வெச்சு வளர்க்கிற கரையான், ஓடோன்டோடெர்மஸ் வகை. ஹாலுக்குள்ள இருக்குறது அந்த விவசாயம் பண்ற ஜாதி இல்லை. ஆக ரண்டும் வேற வேற குடும்பம். அப்பவும் ஒரு சந்தேகத்துக்குப் புத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு அடி ஆழத்துக்குக் குறுக்கே காவா வெட்டிப் பார்த்தோம், கட்டிடத்துப் பக்கம் போற வழி ஒண்ணும் அறுபடலை.

பால் ஊத்தற புத்தா இருந்தாலும் இல்லாட்டியும் அன்னைக்கு ஜேசிபி விட்டிருந்தா பெரிய வேலை முடிஞ்சாப்புல எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம், ஜாயின்ட்டுக்குள்ள இருக்குறது அது பாட்டுக்குத் தின்னுட்டு இருந்திருக்கும்.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

முதல் முடிவு, மருந்துக்கு முன்னாடி தண்ணியை நிறுத்தறது. தரைக்கடி பைப்பை ரண்டு முனையிலயும் அடைச்சுட்டு செவுத்து மேலயே புதுசா ஒரு லைன் இழுத்து வெளிய டிரைனேஜ்ல விட்டாங்க. பிளம்பருக்கு ஒரு நாள் வேலை.

மருந்து மாத்தணும்னு சொன்னேன். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்சி, லிட்டருக்கு 2.1 எம்எல். இது வெரட்டறதில்லை, கரையானுக்கு இது இருக்குறதே தெரியாது, அதுக்குள்ளயே நடந்து போயி ஒண்ணையொண்ணு நக்கிக்கறப்ப மத்ததுக்கும் ஒட்டிவிடும். மெதுவாத்தான் வேலை செய்யும். குளோர்பைரிபாஸ் வெலை கம்மி, நெறையப் பேரு அதைத்தான் அடிக்கிறாங்க, ஆனா அந்த வாசம் பேக்கிங் ஹால்ல நின்னா பீஸுல ஏறிக்கும். இவங்க பண்றது கொழந்தை உருப்படி வேற. துணியில கெடுதலான ரசாயனம் இல்லைன்னு குடுக்கற ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 மாதிரி சர்டிபிகேட்டுல பூச்சி மருந்து மிச்சம் இருக்கான்னும் சேர்த்துத்தான் டெஸ்ட் பண்றாங்க. அதனால எந்த மருந்துன்னாலும் துணி ஹாலுக்குள்ள இருக்கையில அடிக்கறதில்லைன்னு எழுதியே குடுத்தேன். முதலாளியோட மாமா ஒருத்தரு, அந்தக் காலத்துல ஆல்ட்ரின்னு ஒண்ணு வருமே, ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் வராது, அது கெடைக்காதான்னு கேட்டாரு. கெடைக்காதுங்க, தடை பண்ணி ரொம்ப வருசம் ஆச்சு. ஆயுசுக்கும் மண்ணை விட்டுப் போகாதுங்கறதுதான் தடைக்குக் காரணமே, 2001ல பல நாடுகள் சேர்ந்து போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்லயே அது இருக்கு.

எல்லாரையும் உறுத்தினது இன்னொரு முடிவு, இருக்குற மண் கோட்டைத் தொடக்கூடாதுன்னது. வேலை நடக்கிற வரைக்கும் பத்து நாள் அப்படியே விடுங்கன்னேன். "கண்ணு முன்னாடி உசுரோட ஓடிட்டு இருக்குது, அதை விட்டுட்டுப் போறேங்கறீங்களே தம்பி"ன்னாரு முதலாளி. கோட்டை ஒடைச்சா அது வேற எடத்துல போயி புது வழி போடும், எனக்குத் தெரிஞ்ச வழியும் போயிரும். இருக்குற வழியிலயே மருந்து அதுக்குக் கெடைக்கணும்னு சொன்னேன், அரை மனசா ஒத்துக்கிட்டாரு.

கெணத்துப் பக்கந்தான் எனக்கு ரொம்ப யோசனையா இருந்துச்சு. மேக்கு செவுத்துல ஒரு 20 அடி நீளம் கெணத்துக்கு நேரா வருது. பழைய கல்லுக்கட்டுக் கெணறு, மண்ணுக்குள்ள ஊத்தற மருந்து எந்தச் சந்து வழியா எறங்கும்னு யாரும் சொல்ல முடியாது. அந்த 20 அடிக்கு வெளியவும் உள்ளயும் ரண்டு பக்கமும் மருந்து ஊத்தறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். பதிலா தூண்டில் பெட்டி, அதாவது தோல் உரிக்க விடாம பண்ற மருந்து கலந்த தீனி வெச்ச பெட்டி, மூணு எடத்துல. வெலையும் எச்சு, மெதுவாவும் நடக்கும், ஆனா கெணத்துல எறங்காது.

வேலை நடந்த ரண்டு நாள்

சித்திரையில ஒரு சனி சாயங்காலம் ஆரம்பிச்சு திங்கக்கெழம விடியறதுக்குள்ள முடிக்கணும். சனிக்கெழம மத்தியானமே ஹால்ல இருந்த சரக்கு பூரா பழைய கட்டிடத்துக்கு மாத்தி தார்ப்பாய் போட்டு மூடினாங்க, இதுக்கே பதினைஞ்சு ஆள் வேலை.

செவுரும் தரையும் சேர்ற எடத்துல 12 மி.மீ ஓட்டை, அடிக்கு ஒண்ணு. ஹால் சுத்தளவு 240 அடி, ஜாயின்ட்டுக்கு அந்தப் பக்கம் பழைய கட்டிடத்துல ஒரு 40 அடி, மொத்தம் 280 ஓட்டை, கெணத்தோரம் இருபதைக் கழிச்சா 260. ஓட்டைக்கு ஒரு லிட்டர் வரைக்கும், அதுக்கு மேல ஊத்தறதில்லை. சாதாரணமா அரை லிட்டர், முக்கால் லிட்டர்லயே எதிர்த்து மேல வந்துரும்.

ஞாயித்துக்கெழம காலையில வடக்கு செவுத்துல, அந்த சில்லுனு இருக்குற எடத்துக்கு நேரா போட்ட ஓட்டையில பையன் பம்ப் பண்றான், பண்றான், ஒரு லிட்டரும் போயிருச்சு, எதிர்க்கவே இல்லை. பழக்கத்துக்கு அவன் அடுத்த ஓட்டைக்கு நகரப் பார்த்தான். நிறுத்தச் சொல்லிட்டு ஒரு கம்பியை விட்டுப் பார்த்தா ரண்டடி எறங்குது, தட்டுப்படவே இல்லை. அடியில மண்ணே இல்லை, வெத்து எடம். முதலாளிக்குப் போன் போட்டு டைல்ஸ் ஒடைக்கணும்னு கேட்டேன், சித்த நேரம் யோசிச்சுட்டு ஒடைங்கன்னாரு.

மூணடிக்கு ரண்டடி ஒடைச்சோம். உள்ள ரண்டு கட்டிடத்து பீமுக்கும் நடுவுல, 2017ல கான்கிரீட் போட்டப்ப வெச்ச சென்ட்ரிங் பலகையும் முட்டுக் கட்டையும் உருவாம அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. மேல பில்லிங் மண்ணைத் தள்ளி டைல்ஸ் போட்டாச்சு. மண்ணு நாளாக நாளாக உள்வாங்கி எடம் வெத்தா ஆயிருக்கு. பலகையில பாதி இல்லை, அது இருந்த எடத்துல பழுப்பு நெறத்துல அட்டைக்கூழு மாதிரி கூடு, ரண்டு சிமெண்ட் சாக்கு நெறைய அள்ளினோம். பக்கத்துலயே அந்த நீராவித் தண்ணி பைப்போட எல்போ விரிசல் விட்டு நிக்குது. தண்ணியை நிறுத்திப் பத்து நாள் ஆகியும் மண்ணு ஈரம் காயலை. தீனி, தண்ணி, இருட்டு, சூடு, எல்லாம் ஒரே குழியில வெச்சு மேல டைல்ஸ் போட்டு மூடிக் குடுத்திருக்காங்க.

ராணியைத் தேடினோம், கெடைக்கலை. சாக்குல அள்ளினதுல போச்சா இல்லை மண்ணுக்குள்ள ஆழத்துல இருந்துச்சான்னு சொல்லத் தெரியாது, அதனால கூட்டை எடுத்தாச்சு இனி மருந்து வேண்டாம்னு விடலை. கட்டையை எல்லாம் உருவி, குழிக்கு மருந்து ஊத்தி, புது மண்ணுக்கும் மருந்து கலந்து கெட்டிச்சு, கான்கிரீட் போட்டு மூடினோம். மிச்ச ஓட்டையெல்லாம் முடிச்சு ஒயிட் சிமெண்ட் வெச்சு அடைச்சோம். ஜாயின்ட்ல இருந்த தெர்மாகோலைச் சொரண்டி எடுத்துட்டு சீலன்ட் போடச் சொன்னேன், அதுக்கு வேற ஆள் வந்தாங்க. வெளிய மூணு பக்கமும் ஓரமா காவா எடுத்து மருந்து விட்டோம், கெணத்தோரம் தவிர.

சரக்கை உடனே திருப்பி வைக்க விடலை. ஹாலை ஒரு நாள் ஷட்டர் தெறந்து காயவிட்டு, தரையை ஒரு தடவை தொடைச்சப்புறந்தான். செவுத்துல இருந்து ஒண்ணரை அடி தள்ளி மஞ்சள் கோடு போட்டு, மரப் பேலட்டுக்குப் பதிலா பிளாஸ்டிக் பேலட்.

அதுக்கப்புறம்

முதல் வாரம் போனப்ப மண் கோட்டுல இன்னும் ஆள் நடமாட்டம் இருந்துச்சு, மேனேஜர் எம் மேல நம்பிக்கை போயி நின்னாரு. மூணாவது வாரம் கோட்டை ஒரு எடத்துல லேசாக் கீறிவிட்டுட்டு வந்தேன், நாலு நாள் கழிச்சு அடைக்கலை. உசுரோட இருந்தா ஒரே ராத்திரியில அடைச்சுரும். அப்பத்தான் எல்லாக் கோட்டையும் தட்டிவிட்டு செவுரு வெள்ளையடிச்சாங்க.

ஆடியில பையர் ஆளுங்க ஆடிட் வந்தாங்க. என்ன மருந்து, எந்த நாள், எவ்வளவு, அப்ப சரக்கு எங்க இருந்துச்சுன்னு கேட்டாங்களாம். நான் குடுத்த வேலைத் தாளையும் சரக்கு மாத்தின ரிஜிஸ்டரையும் காட்டினதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. முதல் தடவை பசங்க அடிச்சதுக்கு அப்படித் தாளே கெடையாது, கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்போம்னு தெரியலை.

அடுத்த ஐப்பசி மழைக்கு ஹாலுக்குள்ள ஈசல் வரலை. வேப்பமரத்தடியில வந்துச்சு, வாட்ச்மேன் போன் பண்ணிச் சொன்னாரு, அதே வாரம் காளானும் மொளைச்சுதாம்.

முழுசா முடிஞ்சுதுன்னும் சொல்ல முடியாது. கார்த்திகையில பழைய கட்டிடத்துப் பக்கம் ஒரு கதவு நிலையில புதுசா ஒரு கோடு. சீண்டிப் பார்த்தா அதே பால் காவலாளி. ஜாயின்ட்டுல இருந்து ஆறடி தூரம், அங்க நாங்க ஓட்டை போடலை, பழைய கட்டிடத்துக்குத்தான் ஆரம்பத்துலயே மருந்து அடிச்சிருக்காங்களேன்னு விட்டுட்டோம். 2009ல அடிச்ச மருந்து இத்தனை வருசம் மண்ணுல நிக்காதுன்னு தெரிஞ்சும் அந்த பில்லைப் பார்த்து நானே ஏமாந்தேன். நிலைக்கு 6 மி.மீ ஓட்டை சாய்வா போட்டு மருந்து ஏத்தி, தரை ஓரம் பழைய கட்டிடம் இருபதடிக்கு ட்ரில் பண்ணி முடிச்சோம். இதுக்குக் காசு வாங்கலை. அதுக்கப்புறம் அங்க ஒண்ணும் இல்லை.

நஷ்டம்னு பார்த்தா பெட்டியும் பீஸும் போனதை விட, ஒரு ஷிப்மெண்ட் ரண்டு நாள் தள்ளிப்போயி பாதி சரக்கை விமானத்துல அனுப்பினதுதான் பெருசுன்னு முதலாளி சொன்னாரு. தொகை கேட்கலை.

மாத்திக்கிட்டது

போட்டோ பார்த்து விலை சொல்றதை விட்டுட்டேன். சின்ன வேலையா இருந்தாலும் முதல்ல நேர்ல போயி, பேப்பர்ல கோடு போட்டு, எங்க எப்ப வந்துச்சுன்னு குறிச்சப்புறந்தான் பேசறது. கட்டிடம் எத்தனை தடவைல கட்டினது, பழசும் புதுசும் எங்க சேருதுன்னு முதல்லயே கேட்டுக்கறேன். கூட்டற அக்கா, வாட்ச்மேன், பேக்கிங் ஆளுங்ககிட்ட தனியா விசாரிக்கிறேன். மேனேஜர் பக்கத்துல நின்னா அவங்க பேச மாட்டாங்க, இதுல உருப்படியான தகவல் எல்லாம் அவங்க குடுத்ததுதான். பசங்களுக்கும் சொல்லிட்டேன், ஒரு லிட்டர் போயும் எதிர்க்காத ஓட்டை இருந்தா அடுத்ததுக்குப் போகக்கூடாது, என்னைக் கூப்பிடணும். அந்த ஞாயித்துக்கெழம நான் டீ குடிக்க வெளிய போயிருந்தா அந்த ஓட்டையையும் அடைச்சு ஒயிட் சிமெண்ட் வெச்சிருப்பான், அவன் மேல தப்பும் இல்லை, நான் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தேன்.

கம்பெனி பக்கம் மாறினது, மஞ்சள் கோட்டை இன்னும் மதிக்கிறாங்க, சீசன்ல மட்டும் ஒரு வரிசை அதைத் தாண்டி வந்துருது. இப்ப தெக்காலே மூணாவதா ஒரு ஹால் வருது. இந்தத் தடவை குழி எடுத்த அன்னைக்கே என்னைக் கூப்பிட்டுட்டாங்க, பீமுக்கு அடியில சென்ட்ரிங் கட்டை உருவியாச்சான்னு முதலாளி தானே குனிஞ்சு டார்ச்சடிச்சுப் பார்க்கிறாரு. புத்துக்கு எடம் விட்டு செவுரு நாலடி உள்ளே தள்ளிப் போட்டிருக்காங்க.

கெணத்தோரம் அந்த இருபதடி மட்டும் இன்னும் மருந்து இல்லாமத்தான் இருக்கு. மூணு பெட்டியில ரண்டுல தீனி தொடாம அப்படியே இருக்கு, வடக்கு ஓரத்துப் பெட்டியில மட்டும் போன தடவை லேசாக் கடிச்ச தடம் இருந்துச்சு, உள்ள ஆள் இல்லை. ரண்டு மாசத்துக்கு ஒரு தடவை போயித் தெறந்து பார்க்கிறேன், அடுத்தது தை கடைசியில.